தடைக்குத் தடை: விலங்கு வதையை நிறுத்த வரும் நகரங்களை அமெரிக்க மாநிலங்கள் மறிப்பது எப்படி?

பென்சில்வேனியாவில் உள்ள பிட்ஸ்பர்க் நகரம் 1992இல் ரோடியோ காட்சிகளுக்கு, அதாவது துள்ளும் குதிரை, காளை மேல் ஏறியும் கன்றைச் சுருக்குப் போட்டுப் பிடித்தும் நடத்தும் போட்டிகளுக்கு, ஒரு விதி கொண்டுவந்தது. ரோடியோவே கூடாது என்று அந்த விதி சொல்லவில்லை. மின்சார அதிர்ச்சி தரும் தார்க்கோல் கூடாது, விலங்கின் அடிவயிற்றைச் சுற்றி இறுக்கும் பட்டை கூடாது, கம்பிக் கட்டு கூடாது, சவாரி செய்பவரின் காலணியில் கூரான குதிமுள் கூடாது என்றுதான் சொன்னது. ஆனால் இவை இல்லாமல் வழக்கமான ரோடியோவை நடத்த முடியாது. அதனால் நகரத்துக்குள் அந்தக் காட்சி தானாகவே நின்றுபோனது.

அந்தப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குதிரையும் காளையும் துள்ளி ஆளைத் தூக்கி எறிவதைப் பார்க்கிறவர்கள், அது முழுக்க அவற்றின் முரட்டுக் குணம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். துள்ளுவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள்தான் அவை என்று காட்சி நடத்துபவர்களும் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், தோல் மெலிந்த இடத்தில், அந்தப் பட்டை இறுகியிருக்கிறது. அதை உதறித் தள்ளத்தான் விலங்கு பின்னங்காலை அவ்வளவு உயரத்துக்கு வீசுகிறது. கன்றுகளின் பாடு இன்னும் மோசம். தொழில்முறைப் போட்டிகளில் ஓடவிடப்படும் கன்றின் எடை 220 முதல் 280 பவுண்டு, அதாவது சுமார் 100 முதல் 127 கிலோ. முழு ஓட்டத்தில் இருக்கும்போது கழுத்தில் சுருக்கு விழும். குதிரை சட்டென்று நின்றுவிடும். கன்று பின்னுக்கு இழுபட்டு மண்ணில் சாயும். வீரர் இறங்கி ஓடி, அதைப் புரட்டிப்போட்டு மூன்று கால்களைக் கட்டுவார். எத்தனை நொடியில் கட்டினார் என்பதுதான் கணக்கு.

இதை நிறுத்த ஒரு நகர மன்றம் ஏன் முன்வர வேண்டும்? நாட்டுக்குப் பொதுவான சட்டம் இல்லையா? இங்கேதான் விஷயம் தொடங்குகிறது.

அமெரிக்காவில் விலங்குகளுக்கான முதன்மையான மத்தியச் சட்டம் 1966இல் வந்தது. முதலில் ஆய்வுக்கூட விலங்குகளுக்காக வந்த சட்டம் அது. 1970இல் விரிவுபட்டு, விலங்கு நலச் சட்டம் என்ற பெயரோடு, விலங்குகளைக் காட்சிக்கு வைப்பவர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் 'காட்சிக்கு வைப்பவர்' யார் என்று விளக்கும் இடத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. மாநில, கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) கண்காட்சிகள், கால்நடைக் காட்சிகள், ரோடியோக்கள் ஆகியவை அந்த விளக்கத்துக்குள் வராது. சர்க்கஸ் யானைக்கு மத்திய அரசின் ஆய்வாளர் வருவார், ரோடியோ கன்றுக்கு வரமாட்டார்.

சரி, மாநிலச் சட்டம்? ஐம்பது மாநிலங்களிலும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உண்டு. ஆனால் பல மாநிலங்களில் அதே சட்டத்துக்குள் ரோடியோவுக்கு விலக்கும் உண்டு. வயோமிங்கின் வதைச் சட்டம், தன்னுடைய எந்தப் பகுதியும் ரோடியோ போட்டிகளைத் தடை செய்வதாகக் கொள்ளக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. டெக்சாஸ் 1997இல் ரோடியோவைத் தன் அதிகாரபூர்வ மாநில விளையாட்டாகவே அறிவித்தது.

ஆக, மத்தியச் சட்டம் விலக்கு தந்துவிட்டது, மாநிலச் சட்டமும் விலக்கு தந்துவிட்டது. அந்த விலங்குக்காக இனி ஒருவர் போய் நிற்கக்கூடிய இடம் நகர மன்றமோ கவுண்டி வாரியமோதான். அதையும் அடைக்க வருகின்றன இப்போது நாம் பேசும் மாநிலச் சட்டங்கள். இன்னின்ன விஷயத்தில் உள்ளூர் அமைப்புகள் தனியாக விதி போடக்கூடாது என்று மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்துவிடும். அமெரிக்கச் சட்ட வழக்கில் இதற்கு ப்ரீஎம்ப்ஷன் என்று பெயர். தடைக்கே போடப்படும் தடை என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டா என்றால், உண்டு. அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் 1868இல் சொன்ன கருத்து இன்றும் 'டில்லன் விதி' என்ற பெயரில் வாழ்கிறது: உள்ளாட்சி என்பது மாநிலம் படைத்த அமைப்பு, மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே அதற்கு உண்டு. 1907இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அந்த வழக்கும் பிட்ஸ்பர்க்கைப் பற்றியதுதான். பக்கத்தில் இருந்த அலெகெனி என்ற நகரத்தைப் பிட்ஸ்பர்க்கோடு இணைத்தபோது, அலெகெனி மக்கள் எதிர்த்து வழக்காடினார்கள். ஒரு நகரத்தின் எல்லையை மாற்றவும், அதிகாரத்தைக் குறைக்கவும், நகரத்தையே இல்லாமல் ஆக்கவும் மாநிலத்தால் முடியும் என்று தீர்ப்பு வந்தது. இதற்கு மறுபக்கமாக, 1875இல் மிசூரி தொடங்கி வைத்த 'தன்னாட்சி' முறை பல மாநிலங்களின் அரசியலமைப்பில் இடம்பெற்றிருக்கிறது. அதன்படி நகரங்கள் தங்கள் விவகாரங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளலாம். ஆனால் மாநிலச் சட்டம் வெளிப்படையாகக் குறுக்கே நின்றால், பெரும்பாலும் மாநிலம்தான் வெல்கிறது.

மேலிருந்து வரும் சட்டம் எல்லாமே கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டு விதமாக அது வரலாம். ஒன்று, தரை போடுவது: 'இதற்குக் கீழே யாரும் போகக்கூடாது, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம்.' மத்திய விலங்கு நலச் சட்டமே அப்படித்தான் செய்கிறது. மாநிலங்களும் அவற்றின் உள்ளாட்சிகளும் கூடுதல் விதிகள் வகுப்பதை அது தடுப்பதில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இன்னொன்று, கூரை போடுவது: 'இதற்கு மேலே யாரும் போகக்கூடாது.' என் குறை இந்தக் கூரைச் சட்டங்களோடுதான். அதிலும் தரையே போடாமல் கூரையை மட்டும் போட்டுவிடும் சட்டங்களோடு.

கூரை எப்படி எழுகிறது என்பதைக் கலிஃபோர்னியாவில் நடந்த ஒன்று தெளிவாகக் காட்டும். அது விலங்குக் காட்சி பற்றியது அல்ல, பூனையின் நகம் பற்றியது. ஆனாலும் விரிவாகச் சொல்லத் தகுந்தது. வெஸ்ட் ஹாலிவுட் என்ற சிறு நகரம் 2003இல் பூனைகளின் நகத்தை அறுவை செய்து நீக்குவதைத் தடை செய்தது. நகம் நீக்குவது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் சேர்த்து வெட்டுகிறார்கள். மாநிலக் கால்நடை மருத்துவர் சங்கம் வழக்குத் தொடுத்தது. மருத்துவத் தொழிலுக்கு உரிமம் தருவது மாநிலம், அதில் நகரம் தலையிட முடியாது என்பது சங்கத்தின் வாதம். 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது.

நீதிமன்றத்தில் தோற்றதைச் சட்டமன்றத்தில் பெற வழி இருந்தது. மாநிலம் உரிமம் வழங்கிய மருத்துவத் தொழில்களில், உரிமத்துக்கு உட்பட்ட செயல்களை நகரங்களோ கவுண்டிகளோ தடை செய்யக்கூடாது என்று 2009இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அது 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும், அதற்கு முன்பு போட்ட தடைகள் நிலைக்கும். அப்புறம் என்ன, ஓட்டம் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சாண்டா மோனிகா, பெவர்லி ஹில்ஸ், பெர்க்லி, பர்பேங்க், கல்வர் சிட்டி என ஏழு நகரங்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் தங்கள் தடையை நிறைவேற்றிவிட்டன. கதவு சாத்தப்படும் முன் உள்ளே போன எட்டு ஊர்களில் பூனைகள் காப்பாற்றப்பட்டன. பக்கத்து ஊர் மக்களும் அதையே விரும்பியிருக்கலாம். ஆனால் அவர்கள் மன்றத்துக்கு அந்த அதிகாரம் போய்விட்டது. இத்தனைக்கும் விலங்கு நலத்தில் நாட்டுக்கே முன்னோடி என்று பேசப்படும் மாநிலம் அது. அதனால் இதை ஒரு கட்சியின் குணம் என்று ஒதுக்கிவிட முடியாது.

காட்சி விலங்குகள் பக்கம் வருவோம். உள்ளூர்த் தடைகளின் வலிமையை முதலில் உணர்ந்தது சர்க்கஸ்தான். யானையை அடக்கப் பயன்படும் கொக்கி வைத்த அங்குசத்தை தடை செய்ய லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் 2013இல் வாக்களித்தது. 2015இல் சான் பிரான்சிஸ்கோ காட்டு விலங்குக் காட்சிகளையே தடை செய்தது. சிறு ஊர்கள் பலவும் இப்படிச் செய்தன. ரயிலில் ஊர் ஊராகப் போகும் ஒரு சர்க்கஸ், இந்த ஊரில் யானையை இறக்கலாம், அடுத்த ஊரில் கூடாது என்ற நிலையில் எப்படிப் பயணத் திட்டம் போடும்? 2015 மார்ச்சில் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸ் தன் யானைகளுக்கு ஓய்வு தரப்போவதாக அறிவித்தபோது, ஊருக்கு ஊர் மாறுகிற இந்த விதிகளும் ஒரு காரணம் என்று அதன் உரிமையாளர்கள் சொன்னார்கள். 2016 மே மாதத்தோடு யானைக் காட்சி முடிந்தது. 2017இல் சர்க்கஸே மூடப்பட்டது. 2023இல் அது திரும்பி வந்தபோது ஒரு விலங்கும் இல்லாமல் வந்தது.

மாநிலங்களும் நகரங்களைப் பின்தொடர்ந்தன. கலிஃபோர்னியா 2016இல் அங்குசத்தை மாநிலம் முழுக்கத் தடை செய்தது. 2018இல் நியூ ஜெர்சியும் ஹவாயும் காட்டு விலங்குக் காட்சிகளை நிறுத்தின. நகரம் ஒரு விதியைச் சோதித்துப் பார்க்கிறது, வானம் இடிந்து விழவில்லை என்று தெரிந்ததும் மாநிலம் அதை எடுத்துக்கொள்கிறது. விலங்கு நலத்தில் பல முன்னேற்றங்கள் இந்த வழியில்தான் வந்திருக்கின்றன.

இதை விலங்குத் தொழில் நடத்துபவர்களும் கவனித்தார்கள். நூறு நகர மன்றங்களில் நூறு முறை வாதாடுவதைவிட ஒரே சட்டமன்றத்தில் ஒரு முறை வெல்வது சுலபம். பல மாநிலங்களில் 'உழைக்கும் விலங்குகள் பாதுகாப்பு' என்ற தலைப்பில் மசோதாக்கள் வந்தது அந்தக் கணக்கில்தான். பெயரைக் கேட்டால் வண்டிக் குதிரைக்கு நிழலும் தண்ணீரும் தரும் சட்டம் என்று தோன்றும். உள்ளே படித்தால், போக்குவரத்து, போட்டி, காட்சி, கல்வி ஆகியவற்றுக்கு விலங்குகளைப் பயன்படுத்துவதை உள்ளாட்சிகள் தடை செய்யக்கூடாது என்று இருக்கும். அங்கே பாதுகாக்கப்படுவது விலங்கு அல்ல, விலங்கை வைத்து நடக்கும் தொழில். மக்கள் மசோதாவின் தலைப்பைத்தான் படிக்கிறார்கள், அந்தத் தலைப்பு அவர்களைத் தவறான பக்கம் நிறுத்துகிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

சில சமயம் தலைப்பும் தேவைப்படுவதில்லை. வேறொரு மசோதாவுக்குள் சேர்த்துவிடலாம். ஓஹையோவில் கிரோவ் சிட்டி, டொலீடோ ஆகிய ஊர்கள், பெருமளவில் இனப்பெருக்கம் செய்யும் பண்ணைகளிலிருந்து வரும் நாய்க்குட்டிகளைக் கடைகளில் விற்பதைத் தடுக்க விதி போட்டன. அந்த விதிகளைச் செல்லாததாக்கும் மசோதா 2016 டிசம்பரில் சட்டமானது. அதற்குள் வேறு என்னென்ன இருந்தன தெரியுமா? நகரங்கள் குறைந்தபட்சக் கூலியைத் தாங்களாக உயர்த்தக்கூடாது என்ற பிரிவு இருந்தது. கிளீவ்லாந்தில் மணிக்கு 15 டாலர் கூலி கேட்டு ஒரு வாக்கெடுப்பு அப்போது வரவிருந்தது. கைபேசி நிறுவனங்களின் சிறு கோபுரங்களை நகரங்கள் கட்டுப்படுத்த முடியாது என்ற பிரிவு இருந்தது. சேவல் சண்டைக்குத் தண்டனையைக் கூட்டும் பிரிவும் இருந்தது. ஒரு மசோதாவில் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பது ஓஹையோ அரசியலமைப்பின் விதி. கோபுரப் பிரிவு அந்த விதியை மீறுகிறது என்று 2017இல் ஒரு நீதிமன்றம் கூறியது. சேவல் சண்டையை எதிர்த்து வாக்களிக்க விரும்பிய உறுப்பினர், நாய்க்குட்டி விஷயத்தில் தன் தொகுதி மக்களின் கையைக் கட்டுவதற்கும் சேர்த்தே வாக்களிக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் அகலமானது டெக்சாஸ் 2023இல் கொண்டுவந்த சட்டம். டஸ்டின் பரோஸ் என்ற உறுப்பினர் கொண்டுவந்த அதை எதிர்ப்பாளர்கள், 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கோளையே அழிக்கும் ஆயுதத்தின் பெயரால், 'டெத் ஸ்டார்' மசோதா என்று அழைத்தார்கள். வேளாண்மை, தொழிலாளர், சொத்து, வணிகம் எனப் பல மாநிலச் சட்டத் தொகுப்புகள் தொடும் எந்த விஷயத்திலும், மாநிலம் வெளிப்படையாக அனுமதித்தால் தவிர, நகரங்களும் கவுண்டிகளும் விதி போட முடியாது. கட்டடத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் இடைவேளை கொடுக்கச் சொன்ன ஆஸ்டின், டாலஸ் நகர விதிகள் போய்விடும் என்பதுதான் அப்போது செய்திகளில் பெரிதாக அடிபட்டது. அதே சட்டத்தில் விலங்குகளுக்கென்றே ஒரு தனிப் பகுதி இருப்பதைப் பலர் கவனிக்கவில்லை. மத்திய அரசிடமோ மாநிலத்திடமோ உரிமம் பெற்ற ஒருவர் விலங்குகளை வளர்க்கும், பராமரிக்கும், விற்கும் தொழிலை நடத்தினால், நகரம் அதில் தலையிடக்கூடாது. நாய், பூனைச் சில்லறை விற்பனைக்கு 2023 ஏப்ரல் 1க்கு முன் போட்ட நகர விதிகளுக்கு மட்டும் தற்காலிக விலக்கு உண்டு.

நடைமுறையில் இதைவிடக் கடுமையானது வழக்குப் பிரிவு. பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் எவரும், வணிகச் சங்கமானாலும், மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து நகரத்தின் மேல் வழக்குப் போடலாம். நகரம் தோற்றால் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவையும் தரவேண்டி வரலாம். சிறிய ஊரின் மன்ற உறுப்பினர் நிலையில் இருந்து பாருங்கள். விதி செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றம் சொல்லும் முன்பே, வழக்குச் செலவை நினைத்து அவர் பின்வாங்கிவிடுவார். ஹியூஸ்டன் நகரம் வழக்குத் தொடர, சான் அன்டோனியோவும் எல் பாசோவும் சேர்ந்துகொண்டன. 2023 ஆகஸ்டில் ஒரு நீதிபதி சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்றார். 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது.

இந்தச் சட்டங்களுக்கு ஆதரவாக வைக்கப்படும் முதல் வாதம் சீரான விதி வேண்டும் என்பது. ஊருக்கு ஊர் விதி மாறினால் தொழில் நடத்த முடியாது என்கிறார்கள். இதை நான் தள்ளிவிட மாட்டேன். பயணம் செய்யும் காட்சிக்காரருக்கு இது உண்மையான சிரமம். ஆனால் சீரான விதி என்றால் ஒரு விதி இருக்க வேண்டும் அல்லவா? மாநிலம் முழுக்க மின்சாரத் தார்க்கோல் கூடாது, காட்சி நடக்கும் இடத்தில் கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும், காயங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு மாநிலம் எழுதிவிட்டு, 'இதுவே எல்லா ஊருக்கும்' என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. மாநிலத்தின் வதைச் சட்டத்தில் விலக்கு, மத்தியச் சட்டத்தில் விலக்கு, இதோடு உள்ளூர் விதிக்கும் தடை என்றால், ஊருக்கு ஊர் சீராக இருப்பது விதி இல்லாத நிலைதான்.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. உள்ளூர்ப் பெரும்பான்மை எப்போதும் நல்லெண்ணத்தோடுதான் விதி போடும் என்று யார் சொன்னது? ஃபுளோரிடாவின் ஹயாலீயா நகரம் 1987இல் விலங்கு பலியைத் தடை செய்தது. கசாப்புக் கடைக்கும் வேட்டைக்கும் தொந்தரவு இல்லாமல், சான்டேரியா என்ற சிறுபான்மைச் சமயத்தினர் மட்டும் மாட்டும்படி அந்த விதி எழுதப்பட்டிருந்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. மெக்சிகோ வழிவந்தவர்களின் சர்ரெயாடா விளையாட்டில், ஓடும் குதிரையின் காலில் கயிறு வீசி வீழ்த்தும் போட்டி உண்டு. கலிஃபோர்னியா 1994இல் அதைத் தடை செய்தது. தடை சரிதான், குதிரை கழுத்து முறிந்து சாகக்கூடும். ஆனால் எங்கள் குதிரைப் போட்டியை நிறுத்துகிறீர்கள், உங்கள் கன்றுப் போட்டியை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று அந்த மக்கள் கேட்டால், நேர்மையான பதில் என்ன இருக்கிறது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில நாய் இனங்களை மட்டும் குறிவைத்து ஊர்கள் போடும் தடைகளை டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்கள் தடுத்து வைத்திருக்கின்றன. அங்கே மேலிருந்து வரும் சட்டம் விலங்குக்கு நன்மை செய்கிறது. ஆகவே உள்ளூர் விதி என்றாலே புனிதம் என்று நான் வாதாடவில்லை. பாரபட்சமான விதியை ரத்து செய்ய நீதிமன்றம் இருக்கிறது, ஹயாலீயா வழக்கே அதற்குச் சாட்சி. அதற்காக எல்லா ஊரின் அதிகாரத்தையும் ஒட்டுமொத்தமாகப் பிடுங்க வேண்டியதில்லை.

கை கட்டப்பட்ட நகரங்களுக்கு மிச்சம் இருப்பவை சில. அரங்கமோ கண்காட்சித் திடலோ நகரத்துக்குச் சொந்தமானால், உரிமையாளர் என்ற முறையில் வாடகைக்கு விட மறுத்துப் பார்க்கலாம், சட்டத்தின் வாசகம் அதையும் மறிக்காதவரை. அதிகாரம் இல்லாத விஷயத்தில் கண்டனத் தீர்மானம் போடலாம். காட்டு விலங்குகள் மாநிலத்தின் பொறுப்பு என்பதால், அதிக ஓநாய், நரிகளைக் கொன்றவருக்குப் பரிசு தரும் வேட்டைப் போட்டிகள் விஷயத்தில் உள்ளாட்சிகளால் பெரும்பாலும் அவ்வளவுதான் முடிகிறது. மக்களே சட்டம் கொண்டுவரும் வாக்கெடுப்பு முறை உள்ள மாநிலங்களில் சட்டமன்றத்தைத் தாண்டிப் போக முடியும். ஃபுளோரிடாவில் 2018இல் நாய்ப் பந்தயத்தை நிறுத்தும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 69 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்தார்கள். ஆனால் அந்தத் திருத்தத்தை வாக்குச்சீட்டுக்கு அனுப்பியது மக்கள் அல்ல, அரசியலமைப்பை மறு ஆய்வு செய்யும் ஒரு குழு. டெக்சாஸ் மக்களுக்கு மாநில அளவில் சொந்தமாகச் சட்டம் முன்மொழியும் வழியே கிடையாது.

அதனால்தான் சான் அன்டோனியோவைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நகர மன்றம் 2024 டிசம்பரில் குதிரை வண்டிகளைப் படிப்படியாக நிறுத்த வாக்களித்தது. டெக்சாஸ் வெயிலில், தார்ச்சாலையில், சுற்றுலாப் பயணிகளை இழுத்துக்கொண்டு நடக்கும் குதிரைகள் அவை. வண்டிக்காரர்கள் வேறு பிழைப்பு தேடிக்கொள்ள ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 2030 ஜனவரி 1 முதல் முழுத் தடை. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் நடக்கும். அந்தத் தேதிக்கு முன் 2027இலும் 2029இலும் அது கூடும்.